தாய்மாமன் பெயரும் ‘பிறகு’ பொத்தானும்

அந்தக் காலத்தில், காகம் பேசியது, ஆடு பேசியது, அவற்றுக்குப் போட்டியாகக் கம்ப்யூட்டரும் வாய் ஓயாமல் பேசியது.

அப்போது ஓர் ஊரில் செண்பகவல்லி என்று ஒருத்தி கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருந்தாள். அவளுடைய கம்ப்யூட்டரில் ‘நெருக்கு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. சொந்தக்காரர் பெயர் எத்தனை இருந்தாலும் சரி, அதை ஒரு தட்டு தட்டினால் போதும். கண்டக்டர் சத்தம் போட்ட பஸ் மாதிரி எல்லாப் பெயரும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். எழுத்து சிறுத்துவிட்டது என்று ஒரு சண்டையும் வந்ததில்லை.

ஒரு நாள் அவள் தங்கைக்கே கல்யாணம் கூடிவந்தது. தன் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பத்திரிகை அச்சுக்குப் போகவேண்டும் என்று தாய்மாமன் மாடக்கண்ணு கடைக்கே வந்து நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

செண்பகவல்லி பொத்தானைத் தேடினாள். காணோம்.

“அக்கா, நீங்க டீ குடிக்கப் போன நேரத்துல நான் புதுசாயிட்டேன்!” என்றது கம்ப்யூட்டர், தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி பளபளத்துக்கொண்டு. “நிறத்தைப் பாருங்க, ஆவாரம்பூ நிறம்!”

“நெருக்கு எங்கே?”

“எடுத்துட்டேன். பேருக்குப் பேரு காத்தோட்டமா இருந்தாத்தான் அழகாம்.”

காற்றோட்டத்துக்குக் குறைவில்லைதான். மற்றச் சொந்தக்காரர் முப்பத்தொன்பது பேரும் முன்பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட, வழக்கப்படி கடைசியில் தனி வரியில் வரவேண்டிய தாய்மாமன் பின்பக்கம் போய் விழுந்துவிட்டார்.

மாடக்கண்ணு மாதிரித் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“ஏ தாயி, எனக்குப் பின்பக்கமா? மண்டபத்துக்கு வழி போட்ட படத்துக்குக் கீழயா? சரி. நானும் பின்வாசல் வழியா வந்து, பந்தியில சாப்பிட்டு, கையக் கழுவிட்டுப் போறேன். மாலை எடுத்துக் குடுக்க வேற ஆளப் பாரு.”

தாய்மாமன் மாலை இல்லாமல் தங்கை எப்படி மணவறை ஏறுவாள்? செண்பகவல்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். எழுத்தைச் சிறிதாக்கினால் பெரியப்பா சண்டைக்கு வருவார். ஒரு பெயரை எடுத்தாலோ ஊரே வரும்.

“பழையபடி ஆகித் தொலை!”

“அதெல்லாம் ஆகாதுக்கா. ரெண்டு மாசத்துல உங்களுக்கே பிடிச்சுப் போயிடும்.”

“கல்யாணமே பன்னிரண்டு நாள்லடா!”

“அவசரப்படாம பழகிக்கோங்...”

அதுவரை பேசிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பிளக்கை யாரும் பிடுங்கியதில்லை. செண்பகவல்லி பிடுங்கினாள்.

திரை இருண்டது.

“அப்படியே உங்கம்மா கை!” என்றார் மாமா, கோபத்தையும் மறந்து.

பத்து மூச்சு விட்டுவிட்டு மறுபடி செருகினாள். திரை மெல்ல விழித்தது. பழைய மங்கல் நிறம். பழைய இடத்தில் நெருக்கு! ஆனால் கம்ப்யூட்டரின் குரல் மட்டும் வரவே இல்லை. அவள் ஒரு தட்டு தட்ட, முப்பத்தொன்பது பேரும் காலை மடக்கி வழிவிட்டார்கள். மாடக்கண்ணு முன்பக்கத்தில் ஜம்மென்று வந்து உட்கார்ந்தார்.

மாமா தன் பெயரை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தார். “மாலை என்ன தாயி, பொண்ணையே தோள்ல தூக்கிட்டு வர்றேன்!” என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

செண்பகவல்லியும் அச்சகத்துக்குக் கிளம்பினாள். அப்போது திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி பயந்து பயந்து எட்டிப் பார்த்தது. ‘அக்கா, புதுசாகட்டுமா? இப்போதா, பிறகா?’ என்று அதில் எழுதியிருந்தது.

அவள் சிரித்துக்கொண்டே ‘பிறகு’ மேல் ஒரு தட்டு தட்டிவிட்டு நடந்தாள்.

அன்று முதல்தான் கம்ப்யூட்டர் வாய் திறப்பதில்லை. புதுசாகிக்கொள்ள ஆசை வந்தால் ஓரமாக எட்டிப் பார்த்துக் கேட்கிறது, நாமும் ‘பிறகு’ என்று தட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம்.