மூன்று அடிக்குத் தப்பிய ஈ

"கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன், ஐயா. பிறகு ஏன் கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை?"

கேட்டவன் தோபியாஸ். இங்கிலாந்தில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களைத் தேடித் தேடித் தூக்கில் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. சதுப்பு நிலத்து ஊர் ஒன்றின் தேவாலயத்தில் அவன் உதவிக் குருவாகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

பெரிய குரு ஆம்ப்ரோஸ் மேஜையில் பாலாடைக்கட்டி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதியிருக்கிறாய், சொல்."

தோபியாஸ் சொன்னான்.

அவிஸ் என்ற விதவை பக்கத்து வீட்டுக்காரரை ஏச, மறுநாளே அவருடைய பசு செத்துப்போனது. ஊர் அவளைச் சூனியக்காரி என்றது. வழக்கப்படி அவளை ஓர் அறை நடுவே முக்காலியில் உட்காரவைத்துக் காவல் இருந்தார்கள். சூனியக்காரிக்குக் குட்டிச்சாத்தான் உண்டு. எலியாகவோ பூச்சியாகவோ அது அவளைத் தேடி வரும். வந்ததை அடிக்க வேண்டும். மூன்று அடிக்கும் தப்பினால் அது குட்டிச்சாத்தான். அவள் சூனியக்காரி.

இரண்டாம் நாள் காவல் தோபியாஸுடையது. மத்தியானம் ஓர் ஈ வந்து அவிஸின் மடியில் உட்கார்ந்தது. மூன்று முறை அடித்தான். ஈ ஜன்னல் வழியே போய்விட்டது.

சாட்சி அவ்வளவுதான். கையெழுத்து விழுந்தால் அவிஸுக்குத் தூக்கு. தாளை வாங்கிப்போக வாசலில் கான்ஸ்டபிள் குதிரையோடு காத்திருந்தார்.

"அவள் எதுவும் பேசவில்லையா?"

"சிரித்தாள், ஐயா. 'இவ்வளவு படிச்சும் ஓர் ஈயை அடிக்கத் தெரியலையே, சாமி' என்றாள். அதையும் எழுதியிருக்கிறேன்."

ஆம்ப்ரோஸ் தலையாட்டினார். கத்தியைத் துடைத்து வைத்தார். பாலாடைக்கட்டியை மூடவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஈ வந்தது. தட்டைச் சுற்றிவிட்டு அவருடைய சட்டைக் கையில் உட்கார்ந்தது.

"அடி," என்றார்.

தோபியாஸ் அடித்தான். ஈ அவர் தோளுக்குப் போனது.

"ம்."

மறுபடியும் அடித்தான். ஈ அவருடைய வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டது.

தோபியாஸ் ஓங்கிய கையோடு நின்றான். "தலையில் எப்படி, ஐயா..."

"சாட்சிக்கு மூன்று வேண்டாமா?"

அடி சத்தமாக விழுந்தது. ஈ கூரையை நோக்கிப் பறந்தது.

தலையைத் தடவிக்கொண்டே ஆம்ப்ரோஸ் மைக்கூட்டை அவன் பக்கம் தள்ளினார்.

"என் பேருக்கும் தாளில் இடம் இருக்கிறதா, பார்."

தோபியாஸ் பார்த்தான். அவிஸின் பேருக்குக் கீழே இடம் இருந்தது. இறகுப் பேனாவை மையில் தோய்த்தவன் அதைத் தாளில் வைக்காமல் பிடித்திருந்தான்.

ஈ கீழே இறங்கி வந்தது. பேனா பிடித்திருந்த அவன் கையில் உட்கார்ந்தது.

ஆம்ப்ரோஸ் மெல்லக் கையை ஓங்கினார்.

"அசையாதே. எனக்கும் குறி அவ்வளவு சரியாக வராது."

வாசலில் கான்ஸ்டபிள், கையெழுத்து ஆயிற்றா என்று குரல் கொடுத்தார்.

ஈயை விட்டுக் கண்ணை எடுக்காமல், தோபியாஸ் பேனாவைக் கீழே வைத்தான்.