பருப்புப் பாயசமும் பால் பாயசமும்

ஏழு கடலுக்கு அப்பால் அமரிக்காபுரி என்று ஒரு ராஜ்யம். ஐம்பது சிற்றரசுகளைச் சேர்த்துத் தைத்த பெரிய ராஜ்யம். அதை ஆண்டவர் தருமகேது மகாராஜா. ஆண்டார் என்று பெயர்தானே தவிர, அவையின் சம்மதம் இல்லாமல் அவரால் ஒரு கூடை மண்ணைக்கூட அள்ளிப் போட முடியாது. அந்நாட்டுச் சட்டம் அப்படி.

அவையில் இரண்டு கட்சிகள். யானைக் கட்சிக்குச் சிவப்புத் தலைப்பாகை. கழுதைக் கட்சிக்கு நீலத் தலைப்பாகை. யார் எழுந்து பேசினாலும் மற்றவர்கள் முதலில் பார்ப்பது அவர் தலையைத்தான்; முகத்தை ஒருவரும் கவனிப்பதில்லை. நிறம் தெரிந்தால் போதும், ஆமாம் போடுவதா இல்லை போடுவதா என்பது தெரிந்துவிடும். பேச்சைக் கேட்கிற சிரமம் மிச்சம்.

அந்த வருஷம் ஆற்றங்கரையில் விரிசல் விட்டது. மழைக்காலம் நெருங்கியது. கரையைச் செப்பனிட வேண்டும் என்று நீலக் கட்சி சொன்னது. உடனே சிவப்புக் கட்சி கூடாது என்றது.

ராஜா சிவப்புக் கட்சித் தலைவர் ஆளவந்தாரைக் கூப்பிட்டார்.

"அந்தக் கரையைக் கட்டியதே உங்கள் பாட்டனார் காலத்து யானைக் கட்சிதானே?"

"ஆமாம் மகாராஜா. அன்றைக்குக் கழுதைக் கட்சி எதிர்த்தது."

"பிறகு எப்போது மாறினீர்கள்?"

"நாங்கள் எங்கே மாறினோம்? அவர்கள் ஆதரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் நாங்கள் என்ன செய்ய முடியும்?"

ராஜா நீலக் கட்சித் தலைவர் மாசிலாமணியைப் பார்த்தார். "உங்கள் கட்சியாவது ஒரே குரலில் இருக்கிறதா?"

மாசிலாமணி தொண்டையைக் கனைத்தார். "பெரும்பாலும் ஒரே குரல்தான், மகாராஜா."

நீலக் கட்சியின் பின்வரிசையிலிருந்து ஒருவர், "பழைய கரையை ஒட்டுப்போடுவதா? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு" என்றார். அந்தப் பின்வரிசைக்காரர்கள் உதைக்கும் கழுதைகள். முன்வரிசையில் இருந்தவர்கள் பொதி சுமக்கும் கழுதைகள். இரண்டு கூட்டமும் ஒரே தட்டில் வெற்றிலை எடுத்துக்கொள்வதில்லை. யானைக் கட்சியிலும் அதே கதைதான். கிழட்டு யானைகள் மத யானைகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எதிர்க்கட்சியைத் திட்டிய நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் சொந்தக் கட்சியைத் திட்டுவதில் கழிந்தது.

ராஜாவின் ஆலோசகி செங்கமலம் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அதிகம் பேசாதவள். அன்று ராஜாவே கேட்டதால் வாயைத் திறந்தாள்.

"மகாராஜா, இந்த அவையில் முக்கால்வாசிப் பேருக்குக் கரை விஷயத்தில் ஒரே கருத்துதான்."

அவ்வளவுதான். இரண்டு தலைவர்களும் ஒன்றாக எழுந்தார்கள்.

"அந்தக் கூட்டத்துக்கும் எங்களுக்கும் ஒரே கருத்தா? இதைவிட எங்களைச் செருப்பால் அடித்திருக்கலாம்" என்றார் ஆளவந்தார்.

"அதையே நானும் சொல்கிறேன்" என்றார் மாசிலாமணி. "நாளைக்குள் இந்த அம்மாள் நிரூபிக்கட்டும். இல்லையென்றால் பதவியை விட்டுப் போகட்டும்."

வெகுகாலத்துக்குப் பிறகு இரண்டு கட்சியும் ஒத்துப்போன விஷயம் அது. அவை முழுவதும் ஆமோதித்தது. ராஜாவால் மறுக்க முடியவில்லை.

"என்னம்மா செய்யப் போகிறாய்?" என்று கவலையோடு கேட்டார்.

"நாளை மத்தியானம் எல்லோருக்கும் விருந்து போடுங்கள் மகாராஜா. பாயசம் மட்டும் இரண்டு வகை வேண்டும்."

மறுநாள் அரண்மனையில் விருந்து. தலைப்பாகையோடு சாப்பிட உட்காருவது அன்னத்துக்கு மரியாதையில்லை என்பது அந்நாட்டு வழக்கம். எல்லோரும் தாழ்வாரத்தில் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். பந்தியில் முன்னால் வந்தவர் முன்னால், பின்னால் வந்தவர் பின்னால். கழுதைக்குப் பக்கத்தில் யானை, யானைக்குப் பக்கத்தில் யாரோ. வழுக்கைத் தலையும் நரைத்த தலையும் தெரிந்தனவே தவிர, எது எந்தக் கட்சி என்று ஒருவருக்கும் புரியவில்லை. சாப்பிடும்போது கட்சி பேசுவது அநாகரிகம், அதனால் கேட்கவும் முடியவில்லை. தலைவர்கள் இருவரையும் ராஜா உள்கூடத்தில் தமக்கு இருபுறமும் உட்கார்த்திக்கொண்டார். நடுவில் ராஜா, அவருக்கு முன்னால் பெரிய குத்துவிளக்கு. ஒருவர் இலை மற்றவருக்குத் தெரியாது.

ரசம் முடிந்ததும் ராஜா எழுந்து, பந்தி முழுவதும் தெரியும்படி வாசலில் வந்து நின்றார்.

"கரையைச் செப்பனிடலாம் என்பவர்கள் பருப்புப் பாயசம் கேளுங்கள். வேண்டாம் என்பவர்கள் பால் பாயசம் கேளுங்கள். இரண்டும் நன்றாகவே இருக்கும். என் முன்னால் சொல்கிற சொல் அவையில் சொன்ன சொல்."

பந்தியில் எல்லோரும் பழக்கதோஷத்தில் பக்கத்துத் தலையைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவரவர் விரிசலை நினைத்தார்கள், மழையை நினைத்தார்கள். "பருப்பு" என்றார் ஒருவர். "எனக்கும் அதே" என்றார் அடுத்தவர். பால் பாயச வாளி முக்கால்வாசி நிறைந்தபடியே திரும்பி வந்தது.

உள்கூடத்தில் ஆளவந்தார் பரிமாறுகிறவரின் காதருகே குனிந்தார். "அவர் என்ன கேட்டார்?"

"நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று கேட்டார், ஐயா."

கடைசிவரை இருவர் இலையிலும் பாயசம் விழவில்லை.

தாழ்வாரத்துக்குப் போய்த் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டதும் சண்டை தொடங்கிவிட்டது. "இவர்களோடா சேர்ந்து பருப்பு கேட்டோம்?" என்று இரண்டு நிறமும் தலையில் அடித்துக்கொண்டன. ஆனால் ராஜாவின் முன் சொன்ன சொல் சொன்னதுதான். அன்று மாலையே கரைக்கு மண் வண்டிகள் கிளம்பின. செங்கமலத்தின் பதவியும் நிலைத்தது.

ராஜா அவளை அழைத்தார். "அவையில் ஒரு நாளும் ஒத்துப்போகாதவர்கள் பந்தியில் மட்டும் எப்படி ஒத்துப்போனார்கள்?"

செங்கமலம் மெதுவாகச் சொன்னாள். "அவைக்குத் தினமும் தலைப்பாகைகள் வந்துகொண்டிருந்தன, மகாராஜா. விருந்துக்குத்தான் தலைகள் வந்தன."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, தாமும் மகுடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு கிண்ணம் பருப்பு" என்றார்.