கருமுதுகன் காத்த இடம்

கடலோரப் புல்வெளி ஒன்றில் முன்பு கருமுதுகன் என்றொரு ஆண் வெளிமான் இருந்தான். அந்த இனத்து ஆண்களுக்கு ஒரு வழக்கம். ஆளுக்கொரு துண்டுப் புல்தரையைப் பிடித்து, தினமும் ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவித்து, "இது என்னுடையது" என்று காவல் நிற்பார்கள். பெண் மான்கள் வந்து சுற்றிப் பார்த்து, பிடித்த இடத்தில் தங்குவார்கள்.

செவலை என்ற பெண் மானுக்குக் கருமுதுகனைத்தான் பிடித்திருந்தது. மழை பொய்த்த வருஷம், கூட்டத்தோடு அவளும் புல் தேடித் தெற்கே புறப்பட்டாள். "மழை பேஞ்சதும் வந்துடுவேன்" என்றாள். போதாதா? பயல் அந்தத் துண்டுத் தரையை விட்டு நகரவே இல்லை.

புல் கருகியது. பசி காதை அடைத்தது. பாதையோரம் நின்ற சீமைக்கருவேலம் மஞ்சள் நெற்றுகளை உதிர்த்து, "தின்னு ராசா, நல்லா இனிக்கும். உனக்கில்லாததா?" என்றது. தின்றான். கொட்டைகள் செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து, முதல் தூறலுக்கே முளைத்தன.

"ஐயோ, இதுகளை மிதிச்சுப் போடு! வளர்ந்தா என் வெயிலைப் பிடுங்கிக்கும்" என்று புல் கெஞ்சியது.

"கெடக்கட்டும். முள்ளு இருந்தா வேற எவனும் உள்ளே கால் வைக்க மாட்டான். அவ வர்ற வரைக்கும் இடம் பத்திரமா இருக்கும்" என்றான் கருமுதுகன்.

கேட்டீர்களா கூத்தை! இரண்டு மழைக்காலம் போனது. முள் ஆள் உயரம் ஏறியது. போட்டிக்கு வந்த ஆண்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கருமுதுகனுக்குப் பெருமை தாங்கவில்லை. நிழலில் புல் வெளுத்து, ஒரு நாள் பேச்சையும் நிறுத்திக்கொண்டது. அவன் கவனிக்கவில்லை. காதெல்லாம் தெற்கேதான் இருந்தது. அப்படி ஓர் ஏக்கம்.

ஒரு காலையில் செவலை வந்தே விட்டாள். முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்று, "இங்கேதானே இருக்கே? வாசனை வருது, ஆளைக் காணோமே!" என்றாள்.

"இங்கேதான்! உள்ளே வா, செவலை!" என்று துள்ளினான் கருமுதுகன்.

"எப்படி வர்றது? எட்ட ஒண்ணுமே தெரியலையே. நரி எந்தப் பக்கம் நிக்குதுன்னு பார்க்க முடியாத இடத்துல நான் எப்படிப் படுப்பேன்? நீ வந்துடுடா. ஓடையோரம் புல்லு நல்லா வந்திருக்கு, சேர்ந்து மேயலாம். உன்னை நினைக்காத நாளே இல்லை."

கருமுதுகன் ஓரடி எடுத்து வைத்தான். பிறகு நின்றுவிட்டான்.

"ரெண்டு வருஷமா உனக்காகவே காத்த இடம், செவலை. இதை விட்டுட்டு எப்படி வர்றது?"

செவலை கழுத்தை நீட்டி, முள்ளுக்குள் இப்படியும் அப்படியும் தேடிப் பார்த்தாள்.

"எந்த இடம்?" என்று கேட்டாள்.