லாடக்காரர் பிடுங்க வந்த பல்

கொன்றையூர் அரண்மனைச் சுவடிச்சாலையில் நாலு பேர் வேலை பார்த்தார்கள். ஏடு எழுத ஒருவர், ஏட்டுக்கு எண்ணெய் பூச ஒருவர், கேட்ட சுவடியைத் தேடி எடுக்க ஒருவர். மூவருக்கும் தலைவர் பேச்சிமுத்து. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். மன்னருக்கு அது பிடிக்கும். அமைச்சர் திருவேங்கடத்தாருக்கு அறவே பிடிக்காது.

ஒருநாள் அமைச்சர் சபையில் எழுந்தார். "மகாராஜா, ஓலையைத் துடைக்க நாலு பேரா? இனி அரண்மனையில் யார் கை சும்மா இருக்கிறதோ, அவர் எந்த வேலையானாலும் பார்க்கட்டும். அந்த மூவரும் வீட்டுக்குப் போகலாம்."

உண்ட மயக்கத்தில் இருந்த மன்னர் தலையாட்டிவிட்டார்.

"யாரை எங்கே அனுப்புவதென்று நீரே பார்த்துக்கொள்ளும்," என்று அந்தத் தொல்லையையும் பேச்சிமுத்துவின் தலையில் கட்டினார் அமைச்சர்.

மூன்று குடும்பங்களின் பிழைப்பு போயிற்று. பேச்சிமுத்து உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றத் தொடங்கினார்.

மறுநாள் சமையல்காரர் வந்து சுவடிகளையெல்லாம் கீரைக்கட்டுப் போலக் கட்டிவைத்தார். அடுத்த நாள் யானைப்பாகர் வந்து, கனமானதைக் கீழேயும் லேசானதை மேலேயும் அடுக்கினார். வம்சாவளி கேட்ட மன்னருக்கு மாட்டு வைத்தியம் வந்து சேர்ந்தது.

"போகப் போகப் பழகிவிடும்," என்றார் அமைச்சர்.

ஐந்தாம் நாள் சபை நடுவில் அமைச்சருக்குப் பல்வலி வந்தது. கன்னம் பணியாரமாக வீங்கிவிட்டது. "ஐயோ! வைத்தியரைக் கூப்பிடுங்கள்!"

பேச்சிமுத்து ஓடிப்போய் ஒருவரை அழைத்துவந்தார். வந்தவர் கையில் முழ நீளக் குறடு.

"இவன் குதிரைக்கு லாடம் அடிக்கிறவன்!" என்று அலறினார் அமைச்சர்.

"இன்றைக்குக் கை சும்மா இருந்தவர் இவர்தான், ஐயா. குளம்பில் ஆணி பிடுங்கி இருபது வருஷப் பழக்கம். பல்லும் போகப் போகப் பழகிவிடும்."

"வைத்தியர் எங்கே?"

"சுவடிச்சாலையில் ஏட்டுக்கு எண்ணெய் பூசுகிறார். உங்கள் உத்தரவுதான்."

"வாயைத் தொறங்க சாமி," என்று லாடக்காரர் நெருங்கினார்.

அமைச்சர் தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். "மகாராஜா! அவனவன் வேலையை அவனவன்தான் செய்யணும்! அந்த உத்தரவு வேண்டாம்!"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, அது ரத்து. உடனே எழுதுங்கள்."

"எழுதுகிறவரைத்தான் வீட்டுக்கு அனுப்பிவிட்டோமே, மகாராஜா," என்றார் பேச்சிமுத்து.

"அமைச்சரே, நீரே போய் மூவரையும் அழைத்து வாரும். அப்புறம் வைத்தியர் வருவார்."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அமைச்சர் ஓடினார். மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பேச்சிமுத்து, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், மகாராஜா. அமைச்சருக்கு அடுத்த யோசனை வரும்போது, லாடக்காரர் இந்தக் குறட்டோடு பக்கத்தில் நின்றால் போதும்."