எப்சிபா வீட்டுப் பூசணிக்கா

ஒரு ஊர்ல ஒரு எப்சிபா. அவளுக்கு ஒரே ஒரு புருஷன், ஒரே ஒரு பூசணிக்கொடி. புருஷன் பேரு கோயில்பிச்சை. சிரிக்காத, நல்ல பேருதான். ம் சொல்லு, இல்லன்னா நிப்பாட்டிருவேன்.

அந்தக் கோயில்பிச்சை விஷக்காய்ச்சல்ல கிழிச்ச நாரா கெடந்தாரு. அப்போ எப்சிபா முழங்கால் போட்டா. "ஆண்டவரே, இந்த மனுஷன எழுப்பி விடும். எங்கொடியில காய்க்கிற முதல் காயை அறுப்பின் பண்டிகைக்கு உம்ம கோயில்ல கொண்டாந்து வைக்கேன். ஒரு கீத்து வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்"ன்னா. மறுநாளே அவரு எந்திரிச்சு, "ஏட்டி, கஞ்சி இருக்கா?"ன்னாரு.

அப்புறம் கொடியில மஞ்சளா ஒரே ஒரு பூசணி. மழை பொய்ச்ச வருஷம், ஊர்ல அடுப்புலலாம் பூனை தூங்குது. எலி கடிச்சிருமேன்னு அதைப் பறிச்சுக் கட்டிலுக்கடியில வச்சா.

அப்போ வாசல்ல "டொக் டொக்". வளையக்காரத் தாத்தா. "தாயீ, பசி காத அடைக்கி. ஒரு கீத்து அவிச்சுத் தாயேன்."

"ஐயோ தாத்தா, அது ஆண்டவருக்கு நேர்ந்ததுல்லா!" கதவைச் சாத்துனா. உடனே கட்டிலுக்கடியில "புஸ்ஸ்ஸ்!" பூசணி வீங்கிருச்சு. கட்டில் மேல போச்சு. அதுல படுத்திருந்த கோயில்பிச்சைக்கு மூக்கு உத்தரத்துல இடிக்கி. "ஏட்டி, கூரை எறங்கிட்டா?"ங்காரு.

ம்? அப்புறம் "பீப்பீ டும்டும்"னு மேளக்காரங்க வந்தாங்க. கல்யாண வீட்ல மாப்பிள்ள கோவிச்சுட்டுப் போயிட்டானாம், சோறே போடலயாம். "அக்கா, ஊத மூச்சில்ல. ஒரு கீத்து." அவங்களுக்கும் இல்லன்னுட்டா. "புஸ்ஸ்ஸ்! புஸ்ஸ்ஸ்!" வீடு பூரா பூசணி. வாசல் அடச்சுப் போச்சு. கோழி பானைக்குள்ள, கோயில்பிச்சை செவுத்துல பல்லி மாதிரி.

"ஏட்டி, இது எந்த வாசல் வழியா கோயிலுக்குப் போகும்?"

"சும்மா கெடங்க. வெட்டுனா உங்களுக்குக் காய்ச்சல் திரும்பிரும்."

அப்போ ஜன்னல்ல ஒரு மூஞ்சி. பக்கத்து வீட்டுச் சலோமி! கோழிச் சண்டையில இவகூட முகம் குடுத்துப் பேசியே வருஷமாச்சு. "எனக்கு வேண்டாம்க்கா. பிள்ளைக பச்சத்தண்ணியக் குடிச்சிட்டுச் சுருண்டு கெடக்கு."

எப்சிபா மாட்டேன்னு சொல்ல வாயத் தொறந்தா. பூசணி "பு..."ன்னு மூச்ச இழுத்துக்கிட்டுக் காத்திருக்கு. அவளுக்கு அழுகை முட்டிட்டு வந்துச்சு. "ஆண்டவரே, உமக்குக் குடுத்த வாக்க உடைச்சா என் மனுஷன் போயிருவாரோன்னு பயமா இருக்கு. ஆனா ஒரு பூசணிக்காக ஆளக் கொல்லுறவரா நீரு? இல்லய்யா, உம்ம எனக்குத் தெரியும். எழுப்பி விட்டவரு நீரு, அவர நீரே பாத்துக்கிடும்."

அருவாள எடுத்தா. "சதக்!" ஜன்னல் வழியா முதல் கீத்து சலோமிக்கு. "சதக்!" மேளத்துக்கு. "சதக்!" தாத்தாவுக்கு. கோயில்பிச்சை செவுத்துல இருந்து "பொத்"துன்னு விழுந்தாரு. ஊரே தின்னுச்சு, பண்டிகை வரைக்கும் தின்னுச்சு. எப்சிபா மட்டும் அப்பப்போ புருஷன் நெத்திய தொட்டுத் தொட்டுப் பாப்பா. சில்லுன்னுதான் இருந்துச்சு.

அப்புறம் பண்டிகை. பூசணியில விதைகூட மிஞ்சல. வெறுஞ்சுளவ, அதான் வெறும் மொறத்த, தூக்கிட்டுக் கோயிலுக்குப் போனா, வெக்கத்துல அத வச்சே மூஞ்சிய மூடிக்கிட்டா. போதகரையா, "எல்லாரும் கண்ண மூடி அமைதியா ஜெபிப்போம்"ன்னாரு. கோயிலே கப்சிப்.

அப்போ தாத்தாகிட்ட இருந்து "ஏஏவ்!" மேளக்காரங்க "பீஈஏவ்!" சலோமி பிள்ளைக குட்டி குட்டியா "ஏவ்! ஏவ்!" ஊரே ஏப்பம் விடுது. கோயில் பூரா பூசணி வாசம், பீடம் வரைக்கும் கம்முன்னு. போதகரையா ஆமென் சொல்ல வாயத் தொறந்தா, "ஆ... ஏஏஏவ்!"

அவரு வாயத் தொடச்சுக்கிட்டு, "எப்சிபாம்மா, சுளவக் கீழ எறக்கு. உன் காணிக்கை வந்து சேந்துட்டு"ன்னாரு.

அவ அழுதுகிட்டே சிரிச்சா. அப்போ கோயில்பிச்சை அவ காதுல கேட்டாரு: "ஏட்டி, இன்னொரு கீத்து இருக்கா?"

அவ்வளவுதான். பூசணி தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. ம் சத்தத்தையே காணோம். தூங்கு ராசா, தூங்கு.