குழாய் வழியாப் போன விரால்

வீராணம் ஏரிக்கரையில கலியமூர்த்தி யாருன்னு கேட்டா, மீன் பிடிக்கிறவருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. பிடிக்காத மீனைப் பத்திப் பேசுறவருன்னுதான் சொல்லுவாங்க. அந்த வாயாலயே அவரு பொண்ணு மங்கைக்கு வந்த ரெண்டு சம்பந்தம் வந்த வழியே திரும்பிப் போயிடுச்சு. மூணாவதா வந்தது கொள்ளிடக்கரை பட்டுசாமி வீட்டு சம்பந்தம்.

அன்னிக்குப் பட்டுசாமியும் அவரு சம்சாரம் பவுனாம்பாளும் வீடு பார்க்க வந்திருந்தாங்க. அந்தப் பக்கத்து வழக்கம் என்னன்னா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மனசு ஒப்பினாத்தான் பொண்ணு வீட்டுல கை நனைப்பாங்க. சோத்துல கை வெச்சுட்டா கல்யாணம் முடிஞ்ச மாதிரி. வைக்காம எழுந்தா அதோட சரி. கலியமூர்த்தி சம்சாரம் தையல்நாயகி இலை போட்டு, சோறு வெச்சு, கொழம்பையும் ஊத்திட்டு, பட்டுசாமியோட வலது கையையே பாத்துக்கிட்டு நின்னா. இதுவும் தட்டிப்போனா ஊர்ல தலை காட்ட முடியாதேங்கிற நெனப்பு அவளுக்கு.

வந்ததுலேர்ந்து வாயே தொறக்காத பட்டுசாமி கொழம்பை ஒரு பார்வை பாத்தாரு.

"விரால் கொழம்புன்னு சொல்லி அனுப்பினீங்க. இது ஜிலேபி மீனா இருக்கு. ஏரியில விரால் இல்லீங்களா?"

இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோற விஷயம். கலியமூர்த்தி துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நல்லா சம்மணம் கூட்டி உக்காந்தாரு. தொலைஞ்சுதுன்னு தையல்நாயகி நெனைச்சா.

"இல்லாமயா? போன மழைக்கு ஏரியில விரால் ரொம்பி, தண்ணிக்கு எடமில்ல. வலை வீசினா முங்காது, மீனு முதுகு மேல பாய் விரிச்ச மாதிரி கெடக்கும். படகைக் கரையிலயே கட்டிப் போட்டுட்டு அக்கரைக்கு நடந்துதான் போனேன். செருப்புப் போட்டுக்கிட்டு."

"செருப்பு எதுக்குண்ணே?" பவுனாம்பாள் கேட்டா.

"வெறுங்காலுன்னா வழுக்கும் தங்கச்சி."

தையல்நாயகி குறுக்க பூந்தா. "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணி. ஜிலேபி பெருகிப்போச்சு, விரால் கொறைஞ்சுபோச்சு. நேத்துப் பூரா வலை போட்டும் ஒண்ணுகூட ஆப்புடல."

"அதத்தான் நானும் சொல்ல வரேன், இவ அவசரப்படுறா," ன்னாரு கலியமூர்த்தி. "வெள்ளத்துல ஒரே ஒரு ஜிலேபிதான் வந்துச்சு. அது குஞ்சை வாய்க்குள்ள வெச்சுக் காப்பாத்துற சாதி. அலுப்புல ஒரு கொட்டாவி விட்டுது பாருங்க, ஆயிரம் குஞ்சு வெளிய கொட்டிச்சு. கொட்டாவிதான் தொத்திக்குமே. அதைப் பாத்து அந்த ஆயிரமும் கொட்டாவி விட்டுதுங்க. பொழுது சாயறதுக்குள்ள ஏரி மட்டம் ரெண்டு அடி ஏறிப்போச்சு. மழை ஒரு சொட்டு இல்ல."

பட்டுசாமி கை இலைக்குப் பக்கத்துல அசையாம கெடந்துச்சு.

"அப்ப விராலு?"

"அதுக்கு நிக்க எடமில்ல, பொழைப்பும் இல்ல. நம்ம ஊரு பசங்க மாதிரி அதுவும் மெட்ராசுக்குக் கெளம்பிடுச்சு. இங்கேருந்து குடிதண்ணிக் குழாய் போவுதில்ல, அதுக்குள்ள பூந்து ஒண்ணு பின்னாடி ஒண்ணா."

"மோட்டார்ல அடிபட்டுடாதா?" பவுனாம்பாள் கேட்டா.

"விரால் போற நேரத்துக்கு மோட்டாரை நிறுத்திடுவாங்க."

"நிறுத்திட்டா தண்ணி எப்படிண்ணே போவும்?"

"விரால் தள்ளிக்கிட்டுப் போவும். கரண்டு மிச்சம்."

பவுனாம்பாள் முந்தானையால வாயை மூடிக்கிட்டா. சிரிப்பா, அருவருப்பான்னு தையல்நாயகிக்குப் புரியல. சமையக்கட்டு ஓரமா மங்கை தலையில கை வெச்சுக்கிட்டு நின்னா.

"நீங்க பொங்கலுக்கு வந்திருக்கணும்," ன்னு கலியமூர்த்தி விடாம சொன்னாரு. "அப்ப எல்லாம் ஊருக்கு வரும். போன பொங்கலுக்கு ஒரு கெழட்டு விரால், இடது கண்ணுல பூ விழுந்தது, வந்துச்சு. ஏரியில எறங்க மாட்டேன்னுடுச்சு. இந்தத் தண்ணி ஒத்துக்காதாம். கேன் தண்ணி வாங்கிட்டு வான்னு என்னையே சைக்கிள்ல வெரட்டிச்சு. அந்தக் கோவத்துலதான் இந்த வருசம் நான் விராலே பிடிக்கிறதில்ல."

பட்டுசாமி இலையை விட்டு ஒரு சாண் பின்னாடி நகந்தாரு. தையல்நாயகிக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. பாவி மனுசன் மூணாவதையும் கெடுத்துட்டானேன்னு வாய்விட்டே சொல்லிட்டா.

"இடது கண்ணா?" ன்னு பட்டுசாமி மெதுவா கேட்டாரு.

"இடதுதான்."

"அப்ப அதேதான். சைதாப்பேட்டையில என் பெரிய பொண்ணு வீட்டு மாடியிலதான் குடியிருக்கு. போன மாசம் நான் போயிருந்தப்ப படியெறங்கி வந்து, கைகட்டி நின்னு, வீராணத்துல மங்கைன்னு ஒரு நல்ல பொண்ணு இருக்கு, உங்க பையனுக்குப் பாருங்கன்னுச்சு. அது பேச்சைக் கேட்டுத்தான் நாங்க இங்க வந்ததே. அப்பாவைப் பத்தி மட்டும் விசாரிக்காதீங்க, கேன் தண்ணி வாங்கித் தரச் சொன்னதுல கொஞ்சம் மனஸ்தாபம்னுச்சு."

கலியமூர்த்தி தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு.

"கைக்குத் தண்ணி ஊத்துங்க சம்பந்தி. கொழம்பு ஆறுது," ன்னு பட்டுசாமி கையை நீட்டினாரு.

அவரு மொத உருண்டையை வாயில போடுறதைப் பாத்த பெறவுதான் தையல்நாயகிக்கு மூச்சே வந்துச்சு. அப்புறம் வேற ஒரு பயம் புடிச்சுக்கிச்சு. பவுனாம்பாள் காதுகிட்ட குனிஞ்சு, "அண்ணி, மாப்பிள்ளையும் இப்படித்தானா?" ன்னு கேட்டா.

"அவன் வாயத் தொறக்க எங்க வீட்டுல ஏது எடம்?" ன்னா பவுனாம்பாள். "இவரையே, சோறு தின்னு முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாதுன்னு பஸ்ஸுலயே சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் கூட்டியாந்தேன்."