தோணியின் தையல்

கடலில் உப்பைக் கொட்டி முடித்து, கரைகளுக்கு இன்னும் பேர் வைக்காத காலத்தில் ஒரு நாடு இருந்ததாம். கிழக்கே நெல் வயல். நடுவில் தேக்கு மலை. மேற்கே ஒரு கீற்றுக் கரை. அதையும் தாண்டி, கடலில் சிந்திய பொரி மாதிரிச் சில தீவுகள்.

அந்த நாட்டு மந்திரி ஆதப்பன். தலை நரைத்த பிறகு, கரையில் குடிசை போட்டிருந்த கொற்றியம்மையிடம் சீடனானவர். அம்மை அவரைவிட வயசில் சின்னவர்.

அந்த வருஷம் விளைச்சல் படுத்துவிட்டது. மழை பிடித்தால் கடல் மூடிவிடும், தோணி எதுவும் போகாது. அதற்குள் தீவுகளுக்கு அரிசி போய்ச் சேர வேண்டும். அனுப்புவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் ஆதப்பன்தான். கரை முழுக்க அலைந்து, கால் வீங்கி, ஒரு மதியம் அம்மையின் குடிசை முன்னால் தான் வந்த தோணியைக் கரையேற்றச் சொல்லிவிட்டு மணலில் சரிந்தார்.

“வாங்க மந்திரியாரே. கண்ணு ரெண்டும் குழி விழுந்து கிடக்கே?”

“தூங்கி நாளாச்சு அம்மா. எந்தப் பக்கம் போனாலும் கையை நீட்டுறாங்க.”

“தீவுக்காரங்களுமா?”

“அவங்கதான் முதல்ல. மலை மரம் தருது. வயல் நெல் தருது. கரையில மீனும் மிளகும் இருக்கு. தீவு என்ன தருது? தேங்காய் மட்டையை ஊறவெச்சு, அடிச்சு, கயிறு திரிக்கிறாங்க. வெறும் கயிறு. இந்த ஒரு வருஷம் அரிசியை நிறுத்தினா என்ன?”

“நிறுத்தினா அவங்க?”

ஆதப்பன் கடலைப் பார்த்தார்.

“தூரத்துல இருக்காங்க” என்றார்.

அம்மை எழுந்து தோணியைச் சுற்றி வந்தார். ஆணி ஒன்றுகூட இல்லாத தோணி. அந்தக் கரையில் பலகையைப் பலகையோடு கயிற்றால்தான் தைப்பார்கள். அம்மை இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து ஒரு தையலை அறுத்தார். அடுத்ததையும் அறுத்தார்.

தோணிக்காரன் சாத்தன் ஓடி வந்தான். “ஐயோ, என் பொழப்பு! அது தீவுக் கயிறு தாயே! கரைக் கயிறு வெச்சுத் தெச்சா ஒரு மழை தாங்காது!”

“சத்தம் போடாதேப்பா. வெறும் கயிறுதானாம். உங்க ஐயாதான் சொன்னாரு.”

பலகை வாயைப் பிளந்தது. அந்த இடுக்கு வழியாகக் கடல் தெரிந்தது.

ஆதப்பன் தடுமாறி எழுந்தார். “அம்மா, நான் இதுலதானே திரும்பிப் போகணும்!”

“போங்களேன்” என்றார் அம்மை, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டே. “மலை தந்த மரம் அப்படியேதான் இருக்கு.”

ஆதப்பன் குனிந்து அந்த இடுக்கில் விரல் விட்டுப் பார்த்தார். சாத்தன் அறுந்த கயிற்றைப் பொறுக்கி மடியில் சேர்த்தான்.

“சாத்தா, தீவுக்குப் போக வேண்டிய அரிசித் தோணிங்க எந்தத் துறையில நிக்குது?”

“வடக்குத் துறையில, ஐயா. நடந்தா பொழுது சாஞ்சிடும்.”

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். வீங்கிய காலை மணலில் ஊன்றி ஊன்றி, வடக்கே நடந்தார்.